பெயின்ட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது? – வாகனக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் கறள் பற்றியதாகவே இருந்தன. காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்தே ஓட்டினோம், இப்போதும் புதிய வாகனத்தின் விலை எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை. எஞ்சின் போனால் பஞ்சிகாவத்தையில் இன்னொன்று தேடி எடுக்கலாம், கியர்பொக்ஸும் அப்படித்தான். பாடி உக்கிப் போனால் அதற்கு மாற்று இல்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இம்முறை கறளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறோம். 1994 கொரோலா. பின் சில்லுக்கு மேலே, மட்கார்ட் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் போல எழும்புகிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துப் பெயின்ட் அடித்தோம். மறுபடி அப்படியே செய்யலாமா, அல்லது வெட்டி எடுக்க வேண்டுமா அண்ணா?
– வாசகர், வெள்ளவத்தை

தம்பி, அதே வேலையைத் திரும்பச் செய்தால் அதே கொப்புளம்தான் திரும்ப வரும். ஏனென்றால் அது வெளியே தொடங்கியது அல்ல. சில்லு சுழலும்போது மண்ணும் ஈரமும் மட்கார்ட்டின் உள்பக்கம் போய் அடிக்கிறது, அங்கே வெளித் தகரமும் உள் தகரமும் மடித்துச் சேர்ந்த விளிம்பு ஒன்று இருக்கிறது, அந்த மடிப்பில் சேறு பிடித்துக்கொண்டால் வெயில் நாளில்கூட அது காய்வதில்லை. கறள் அங்கிருந்துதான் வெளியே தின்றுகொண்டு வருகிறது. இரும்பு கறளாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் எடுக்கும், அந்தத் தள்ளலில்தான் பெயின்ட் எழும்புகிறது. நீங்கள் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கொப்புளத்தைக் காணும்போது பின்னால் உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கும் இடமும் ஒரு காரணம். சமையலறை உப்புப் போத்தலில் அம்மாமார் நாலு அரிசி போட்டு வைப்பார்கள் அல்லவா? காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும், அரிசி போடுவது அதற்காகத்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் மோசம், அது நன்றாக உலர்ந்த காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். கொழும்பில் இரவு நேர ஈரப்பதன் பெரும்பாலும் 80 வீதத்தைத் தாண்டிவிடும். அப்படியென்றால் மழையே பெய்யாத நாளிலும் உங்கள் கார் இரவு முழுக்க மெல்லிய உப்புத் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும்போது காலையில் முன் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மங்கலான படலம் விலகி விரலில் ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே படலம்தான் உங்கள் கண்ணுக்குப் படாத மடிப்புகளிலும் இருக்கிறது, கண்ணாடியையாவது துடைக்கிறோம்.

சரி, என்ன செய்வது. முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தை மெல்லிய சீலைத் துண்டில் சுற்றி மட்கார்ட் முழுக்க நகர்த்துங்கள், தகரம் உள்ள இடத்தில் பிடிக்கும், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் பிடிக்காது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உக்கியது தொம்மென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள், இதற்குத் தயங்க வேண்டாம். உள்ளே இறங்கினால் அங்கே தகரமே இல்லை என்று அர்த்தம், அதற்குப் பட்டி மருந்தாகாது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஹைஏஸ் வான் வாங்கினேன், ஃபுட்போர்ட் புதிது போல மின்னியது. மூன்றாம் மாதம் அதில் ஒரு மயிர் வெடிப்பு. நகத்தால் சுரண்டினேன், பிறகு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், பட்டி ஒரு தட்டுப் போலப் பெயர்ந்து கையில் வந்தது. உள்ளே மடித்துத் திணித்த பத்திரிகைத் தாள். ஈரத்தில் ஊறிக் கறள் நிறம் ஏறியிருந்தது, மரண அறிவித்தல் பக்கம், பெயர்களைக்கூட வாசிக்க முடிந்தது. முன்பு வேலை செய்தவர்கள் ஓட்டையைக் கடதாசியால் அடைத்து மேலே பூசியிருக்கிறார்கள். அந்த ஃபுட்போர்ட்டில் கால் வைத்துத்தான் என் பிள்ளைகள் மூன்று மாதமாக ஏறி இறங்கினார்கள். அன்றிலிருந்து எந்த வாகனத்தையும் தட்டிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

ஓட்டை விழுந்திருந்தால் உக்கிய பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டை இல்லை, மேலாகத்தான் தின்றிருக்கிறது என்றால் கம்பிப் பிரஷ்ஷாலும் சாண்ட் பேப்பராலும் உரிகிற கறள் எல்லாவற்றையும் எடுத்து, குழிகளுக்குள் மிஞ்சியதற்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றியைப் பூசுங்கள். அது சிவப்புக் கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றிவிடும். உதிரும் கறளின் மேல் பூசினால் பயனில்லை, அதையும் சேர்த்துக்கொண்டு உரிந்து வரும். டப்பாவில் சொன்னபடி அமிலம் மிஞ்சாமல் துடைத்து, வடிவாகக் காய விட்டு, பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் எப்பொக்ஸி பிரைமர். பட்டி தேவை என்றால் அந்தப் பிரைமருக்கு மேலேதான். வெறும் தகரத்தில் நேரே பட்டி வைப்பதுதான் நம் கராஜ்களில் நடக்கும் பெரிய பிழை, பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் உள்ள தகரம் அதைக் குடிக்கும்.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டையும் வேலை செய்யும் கராஜ் பாஸிடம் முதலிலேயே பேசி முடிவெடுங்கள். ஒன்று, காலையில் உரித்த தகரத்துக்கு அன்று மாலைக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். நம் காற்றில் ஒரு இரவு வெறுமனே விட்டால் காலையில் தேநீர்ச் சாயம் போலப் படர்ந்திருக்கும், அதன் மேலேயே அடித்துவிட்டால் பழைய கதைதான். இரண்டாவது, வெல்டிங் சூட்டில் தகரத்தின் பின்பக்கப் பூச்சு எரிந்து போகும். வெளியே எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் உள்ளே அந்த இடம் நிர்வாணமாக நிற்கிறது. வேலை முடிந்தபின் நீளக் குழாய் வைத்து உள்ளே பாய்ச்சும் மெழுகு ஸ்ப்ரேயை விளிம்பு நனைய அடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இரண்டு வருடத்தில் திரும்பி வந்ததற்கு இது செய்யாததே காரணமாக இருக்கலாம்.

பராமரிப்பு என்றால் கிழமைக்கு ஒரு முறை ஹோஸைச் சில்லின் மேல் வளைவுக்குள் விட்டு அந்த மடிப்பைக் கழுவுங்கள், மேலே பளபளப்பாகத் துடைப்பதைவிட அதுதான் முக்கியம். குழாய்த் தண்ணீர் பாவியுங்கள். கடலோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் அதில் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான்.

லைட்ஏஸ் வான். ஒவ்வொரு சேர்விஸிலும் அடியில் பழைய எஞ்சின் ஒயில் அடித்துத் தருகிறார்கள், கறள் பிடிக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தெஹிவளை

ஐயா, கொஞ்சம் உண்மை இருக்கிறது, எண்ணெய்ப் படலம் தண்ணீரை அண்ட விடாது. ஆனால் எஞ்சினில் ஓடிக் கறுத்த ஒயிலில் எரிபொருள் எரிந்த அமிலங்களும் ஈரமும் தூளும் சேர்ந்திருக்கும், அதைத்தான் காசு கொடுத்து அடிக்கிறீர்கள். சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பர்களை அது ஊத வைக்கும். சொட்டுவது எல்லாம் மழையில் கானுக்குள் போய், கால்வாய்க்குப் போய், கடலுக்குப் போகிறது. அதை அடிக்கிற பையனின் தோலுக்கும் கூடாது, புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது அது. நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன். சிலர் தேங்காயெண்ணெய் நல்லது என்கிறார்கள், அதுவும் வேண்டாம், நாளடைவில் காறிப்போய் அமிலம் விடும்.

கறுப்பாக ரப்பர் போல அடிக்கும் அண்டர்கோட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுத் தகரத்தின் மேல் அடித்தால் நல்ல பொருள். கறள் ஏறிய பழைய தகரத்தின் மேல் அடித்தால் சில வருடத்தில் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. பார்க்கக் கறுகறுவென்று ஆரோக்கியமாக இருக்கும், கையால் உரித்தால் தகரமும் சேர்ந்து வரும்.

பழைய வாகனத்துக்கு மெழுகு வகை அல்லது லானொலின் வகை ஸ்ப்ரே நல்லது. லானொலின் என்பது செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு, இறுகிப் போகாமல் மெல்ல ஊர்ந்து மடிப்புக்குள் இறங்கும், தண்ணீரை உள்ளே பூட்டி வைக்காது. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும், ஆகவே ஏப்ரலில் அண்டர் வோஷ் செய்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விட்டு அதன் பிறகு அடியுங்கள். கழுவிய ஈரத்தோடு உடனே அடிப்பதற்கு சேர்விஸ் ஸ்டேஷனில் அவசரப்படுவார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம். பிரேக் டிஸ்க், சைலன்சர், நீர் வடியும் துளைகள் மூன்றிலும் படக் கூடாது. வருடம் ஒரு முறை போதும்.

மழை இல்லாத நாளிலும் முன் இடது சீற்றின் காலடியில் கார்ப்பெட் ஈரமாக இருக்கிறது. நாற்றமும் வருகிறது. கூரை ஒழுக்கு என்று நினைத்துக் கண்ணாடி ரப்பரை மாற்றினோம், நிற்கவில்லை.
– வாசகி, ராஜகிரிய

தங்கச்சி, மழை இல்லாத நாளில் ஈரம் என்றால் முதலில் ஏசியைப் பாருங்கள். நம் ஊர்க் காற்றிலிருந்து ஏசி பிழிந்தெடுக்கும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் வழியே காருக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர்த் தடம் இருக்கிறதா? இல்லை என்றால் குழாய் தூசியால் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்பக்கம் வழிகிறது. குழாயைச் சுத்தம் செய்வது சின்ன வேலை.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கார்ப்பெட்டின் மேல்பக்கம் இரண்டு நாளில் காய்ந்துவிடும், அடியில் இருக்கும் தடித்த பஞ்சு கிழமைக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும், அதன் கீழே தரைத் தகரம். சீற்றைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கி, பஞ்சை வெயிலில் முழுதாகக் காயப் போடுங்கள். தகரத்தில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் முதல் கேள்விக்குச் சொன்ன முறைதான்.

அப்படியே நான்கு கதவுகளின் அடி விளிம்பையும் பாருங்கள். யன்னல் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழை வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும், மண்ணும் சருகும் அடைத்துக் கதவு ஒரு வாளி போல ஆகிவிடும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுங்கள். கம்பி வேண்டாம், பூச்சைக் கீறிவிடும்.

2017இல் ஜப்பானிலிருந்து வந்த 2015 வேகன் ஆர் ஒன்று பார்த்திருக்கிறேன். விற்பவர் ஏலத் தாளை, அதாவது அங்கே ஏலத்தில் வாகனத்தின் நிலையைப் பரிசோதித்து எழுதும் தாளைக் காட்டுகிறார். அதிலுள்ள கார்ப் படத்தில் சில இடங்களில் எஸ் என்றும் ஒரு இடத்தில் சி என்றும் எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

எஸ் என்றால் கறள், ஜப்பானிய மொழியில் சபி. சி என்றால் அரிப்பு, அதாவது கறள் தகரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடக் கடுமை கூடும். எஸ் 1 என்பது ஏதோ ஒரு மூலையில் மேலாகப் படிந்ததாக இருக்கலாம், சி இருந்தால் நேரே போய்ப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். படத்தைவிட, பரிசோதகர் கையால் எழுதிய குறிப்பு முக்கியம். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டி, அதில் ‘ஷிதமவாரி சபி’ என்று வருகிறதா என்று கேளுங்கள், அடிப்பாகக் கறள் என்று பொருள். ஹொக்கைடோ, தொஹொகு, நீகாட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் வீதியில் உப்பும் கல்சியம் குளோரைட்டும் கொட்டுவார்கள், அங்கே ஓடிய வாகனம் மேலே கண்ணாடி போலவும் கீழே கறளாகவும் இருக்கும்.

ஹொயிஸ்ட் உள்ள ஒரு இடத்துக்கு வாகனத்தைக் கொண்டுவரச் சொல்லித் தூக்கிப் பாருங்கள். சைலன்சரிலும் போல்ட்களிலும் கறள் இருந்தால் பரவாயில்லை. நீளவாக்கில் போகும் சட்டங்களிலும், சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலும், ஜக் வைக்கும் இடத்திலும் அடுக்கடுக்காக உரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம், விபத்தில் உங்களைத் தாங்க வேண்டியவை அவை. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

பெட்டரியில் பொருத்தினால் மின்சாரத்தால் கறளைத் தடுக்கும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

வேண்டாம். கப்பலின் அடிப்பாகத்தைக் காக்க இந்த முறை உண்மையாகவே பயன்படுகிறது, ஏனென்றால் கப்பல் கடல் நீருக்குள் நிற்கிறது, மின்னோட்டம் போய்த் திரும்பத் தண்ணீர் வழி இருக்கிறது. கார் நிற்பது காற்றில். அந்தக் காசுக்கு நாகம் (ஸிங்க்) கலந்த பிரைமர் ஒரு டப்பா வாங்குங்கள், இரும்புக்கு முன்னால் நாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும்.

பேலியகொடை மீன் சந்தையிலிருந்து சின்ன லொறியில் மீன் ஏற்றுகிறேன். பின் தட்டு மூன்று வருடத்தில் ஓட்டை.
– வாசகர், முகத்துவாரம்

தம்பி, ஐஸ் உருகி வழிவது உப்புத் தண்ணீர், தட்டின் மூட்டுகள் வழியே அது செசி (லொறியைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல் இறங்குகிறது. தட்டைவிட எனக்குச் செசியைப் பற்றித்தான் கவலை, அதை முதலில் தட்டிப் பாருங்கள். மீன் இறக்கியவுடன், வீட்டுக்குப் போகும் முன், தட்டையும் அதன் அடியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மறுநாள் காலை என்று வைக்க வேண்டாம். புதுத் தட்டு போடும்போது மூட்டுகளுக்குச் சீலன்ட் வைத்து, பின்பக்கமாகத் தண்ணீர் வழிய ஒரே ஒரு வழி விட்டு, அந்த வழியில் ஒரு குழாய் பொருத்தி, செசியைத் தாண்டி நிலத்தில் விழும்படி செய்யச் சொல்லுங்கள்.

அப்பாவின் மொரிஸ் மைனர், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. அப்பா போய் ஒன்றரை வருடம். முற்றத்து மண்ணில் நீலப் பொலித்தீன் விரிப்பால் மூடி வைத்திருக்கிறோம். ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆசை. கறள் எவ்வளவு இருக்கும், எங்கே பார்க்க வேண்டும்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் வேலை அந்த விரிப்பை இன்றே எடுப்பது. மண் இரவும் பகலும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும், பொலித்தீன் அதைப் பிடித்துக் காரின் மேல் வியர்வையாகத் திருப்பி விடும். விரிப்பின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், நனைந்திருக்கும். கூரை மட்டும் போட்டுப் பக்கங்கள் திறந்த கொட்டில் மிக நல்லது. அது முடியாவிட்டால் காற்று ஊடுருவும் துணி உறை, கீழே கொங்கிரீட் கல் பரப்பி அதன் மேல் கார்.

மைனர் 1948 முதல் 1971 வரை தயாரான கார், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அதற்குத் தனியான செசி கிடையாது, பாடியே செசி. ஆகவே கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் சில் பகுதியும் தரையும்தான் காரைத் தாங்குகின்றன, கறள் முதலில் விரும்புவதும் அவற்றையே. ரப்பர் விரிப்புகளைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பின் ஸ்பிரிங்கின் முன் முனை பாடியோடு பொருந்தும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள், அங்கே உக்கியிருந்தால் ஓட்டக் கூடாது, இழுத்துக்கொண்டு போகவும் கூடாது, லொறியில் ஏற்றித்தான் போக வேண்டும். பழைய ஜக் இடங்களில் ஜக் வைக்க வேண்டாம், தரைக்குள் புகுந்துவிடும். பெட்டரி இருக்கும் தட்டில் அமிலம் கசிந்து தின்றிருக்கும், அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கியபின் கழுவிக் காய வையுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. மைனரின் தகரம் எல்லாம் வெட்டி ஒட்டக்கூடிய எளிய வடிவம், 1990களில் அதன் பாடிப் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அந்தக் கைவேலை தெரிந்த பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். யாரிடம் கொடுத்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். சில் வெட்டும் முன் பாடி தொய்ந்து போகாமல் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து ஒட்டுவீர்களா? பெற்றோல் தாங்கி டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது, வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றுவீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் என்னைக் கூப்பிட்டு வெறும் தகரத்தைக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் அப்பாவின் காரைக் கொடுக்க வேண்டாம்.

அதுவரை வெயில் நாளில் எல்லாக் கதவுகளையும் பொனட்டையும் திறந்து வைத்துக் காற்றோட விடுங்கள். தரையில் நீங்கள் கண்டதைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பார்த்து எழுதுகிறேன்.